ஊசியும் சிக்கனமும்

(மட்டாஞ்சேரித் தமிழர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் அணி செய்யும் இந்த மேடையில் நின்றுகொண்டு, ஊசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கக்கூடும். ஊசி மிகச் சிறிய பொருள்தான். ஆயினும் பட்டினத்தடிகளுக்கு உலகின் நிலையாமையை உணர்த்தியதும் ஓர் ஊசிதான் என்று நம் பெரியோர் கதை சொல்வார்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் ஊசி துணி தைக்கும் ஊசி அன்று. மருந்து செலுத்தும் ஊசி. ஒரு முறை உடம்பில் குத்திய ஊசியை மறுமுறை பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதே நம் பேச்சின் பொருள்.

சிக்கனம் நம் செல்வம்

இந்த ஊருக்கு நம் முன்னோர் பெட்டி நிறையப் பொன் கொண்டு வந்தவர்கள் அல்லர். கையையும் தொழிலையும் நம்பி வந்தவர்கள். டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் துணி வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர், ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள தோபி கானாவில் இந்நாள் வரையிலும் அத்தொழிலைப் பேணி வருகின்றனர். மட்டாஞ்சேரிக் கடைத் தெருவின் மிளகு, சுக்குக் கிடங்குகளில் கணக்கெழுதியவர்களும், மூட்டை தைத்தவர்களும், சிறு கடை வைத்தவர்களும் நம்மவருள் உண்டு. இவர்கள் அனைவரையும் நிலைநிறுத்தியது எது? சிக்கனம். கிழிந்ததைத் தைத்து உடுத்தினோம். உடைந்ததை ஒட்டி வைத்தோம். ஒரு கோணி ஊசியைத் தந்தையிடமிருந்து மகன் வாங்கிப் பயன்படுத்தினான். அது குறைவன்று; பெருமை.

அந்தப் பெருமைக்கு ஓர் எல்லை உண்டு. எந்தப் பொருளையும் மறுமுறை பயன்படுத்தலாம். இரத்தம் கண்ட ஊசியைப் பயன்படுத்தலாகாது. சிக்கனம் என்னும் நற்குணம் ஊசிமுனையில் வந்து நின்றுவிட வேண்டும். இதைத்தான் நாம் இன்று சொல்ல வந்தோம். இனி நாம் கூறுவனவெல்லாம் இதற்கான காரணங்களும் சான்றுகளுமே.

ஊசி வந்த வழி

தோலைத் துளைத்து மருந்து செலுத்தும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. 1853-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் வுட், பிரான்சின் சார்லஸ் பிரவாஸ் என்னும் இருவரும் தனித்தனியே இக்கருவியை உருவாக்கினர். பின்னர்க் கண்ணாடிக் குழலும் எஃகு ஊசியும் மருத்துவர் பையில் நிலையான இடம் பெற்றன. இங்குள்ள மூத்தோர் அந்தக் கண்ணாடிச் சிரிஞ்சை மறந்திருக்க மாட்டார்கள். மருத்துவ விடுதிகளில் ஒரு தகரப் பெட்டிக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து இடுக்கியால் எடுத்த ஊசி, ஒருவர் கைக்குப் போய், மீண்டும் அதே தண்ணீருக்குள் விழும். முனை மழுங்கினால் தீட்டி வைப்பார்கள்.

அந்நாளில் அதுவே முறை. அம்முறையும் ஒழுங்காக நடந்த இடத்தில் தீங்கு குறைவு. இருபது நிமிடம் விடாமல் கொதித்தால் பெரும்பாலான கிருமிகள் மடியும். அதைவிடச் சிறந்தது அழுத்தமுள்ள நீராவி. 121 பாகை செல்சியசு வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை அழுத்த நீராவியில் வைத்தால் முற்றிலும் கிருமி ஒழியும். நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்திலும் ஒரு காலத்தில் குக்கர் போன்ற நீராவிப் பாத்திரத்தில் வைத்துத்தான் ஊசிகளைத் தூய்மை செய்தனர். ஆனால் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது, அடுப்பில் எண்ணெய் தீரும்போது, உதவியாளர் களைத்துப்போகும்போது, இருபது நிமிடம் இரண்டு நிமிடமாகச் சுருங்கிவிடும். தீமை அங்கேதான் புகுந்தது.

1956-இல் நியூசிலாந்து நாட்டு மருந்தாளரான காலின் மர்டாக் என்பவர், ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடத்தக்க பிளாஸ்டிக் சிரிஞ்சுக்கு வடிவம் தந்தார். தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கப்பட்டு, உறையிலிட்டு ஒட்டப்பட்டு வரும் பொருள் இது. இதைக் கொதிக்க வைத்துப் புதுப்பிக்க இயலாது. அதற்கென அது செய்யப்படவும் இல்லை. கண்ணாடிக் காலத்துப் பழக்கத்தைப் பிளாஸ்டிக் காலத்திலும் தொடர்ந்தவர்களே பெரும் கேட்டுக்குக் காரணமாயினர்.

கண்ணுக்குத் தெரியாத கறை

வெள்ளாவி வைப்பது என்னவென்று நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுக்குத் துணியை ஆற்று நீரில் அலசினால் மட்டும் போதாது, நீராவி உள்ளே புகுந்து நூலிழை தோறும் செல்ல வேண்டும் என்பதைப் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்தவர்கள் நாம். துணியில் ஒரு நன்மை உண்டு. கறை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் மறுபடியும் வெளுக்கலாம். ஊசியின் கறை அப்படிப்பட்டதன்று. ஊசியின் துளை ஒரு மயிரிழை புகும் அளவினது. அதனுள்ளும், ஊசியும் குழலும் சேரும் மூட்டிலும் தங்கும் இரத்தம் எந்தக் கண்ணுக்கும் புலப்படாது. பார்வைக்கு வெள்ளியைப் போல மின்னும் ஊசிக்குள் நோய் குடியிருக்கலாம்.

அங்குக் குடியிருக்கும் பகைவர் மூவர். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி என்னும் இரண்டும் கல்லீரலைத் தாக்குவன, மூன்றாவது எச்.ஐ.வி. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில் ஏழு நாளேனும் அழியாமல் இருக்கும். ஹெபடைட்டிஸ் சி கிருமி சிரிஞ்சின் உள்ளே 63 நாள் வரையிலும் உயிர்ப்போடு இருக்கக்கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வெளிக்காற்று பட்டால் விரைவில் மடியும் எச்.ஐ.வி.யும், சிரிஞ்சுக்குள் அடைபட்ட இரத்தத்தில் சில வாரங்கள் வரை தாக்குப்பிடிக்கும்.

நோயுள்ளவர் உடம்பில் குத்திய ஊசி மற்றொருவரைத் தவறிக் குத்திவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு? மருத்துவமனை ஊழியர்களிடம் கண்ட கணக்குப்படி, தடுப்பூசி போடாதவர்க்கு ஹெபடைட்டிஸ் பி நூற்றுக்கு 6 முதல் 30 வரை, ஹெபடைட்டிஸ் சி நூற்றுக்கு இரண்டுக்கு உட்பட்டது, எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3. இது குறைவுதானே என்று சிலர் எண்ணலாம். இது ஒரு குத்தலுக்குரிய கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஊசி நாளொன்றுக்கு முப்பது பேருக்கு, ஆண்டு முழுவதும் குத்தப்பட்டால் கணக்கு என்னவாகும்?

வரலாறு காட்டும் சான்றுகள்

நல்லெண்ணமே கேடாக முடிந்த ஒரு கதையை முதலில் கேளுங்கள். எகிப்து நாட்டில் நைல் ஆற்றங்கரை உழவரை வாட்டிய ஒருவகைப் புழு நோயை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசு ஊர்தோறும் ஊசி போட்டது. ஊசிகள் முறையாகக் கிருமி நீக்கப்படவில்லை. புழு நோயைத் துரத்த வந்த ஊசி ஹெபடைட்டிஸ் சி நோயை நாடெங்கும் விதைத்துவிட்டது. உலகிலேயே அந்நோய் மிகுந்த நாடுகளுள் ஒன்றாக எகிப்து ஆயிற்று. பின்னாளில் அதே நாடு 2018-இல் மாபெரும் பரிசோதனை இயக்கம் ஒன்றைத் தொடங்கிக் கோடிக்கணக்கான மக்களைச் சோதித்தது; நோயுற்றோர்க்கு மருந்தளித்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டையும் பெற்றது. கேட்டை விதைத்தது போலவே களையெடுக்கவும் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் இடையில் மாண்டவர் மீளவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத் மாநிலம் சபர்காண்டா மாவட்டத்து மொடாசா வட்டாரத்தில் ஹெபடைட்டிஸ் பி திடீரெனப் பரவியது. 400-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 80-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயன்படுத்திய சிரிஞ்சுகளை மீண்டும் பயன்படுத்தியதே காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். பழைய சிரிஞ்சுகள் குப்பையிலிருந்து பொறுக்கப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்ததும் அப்போது வெளிப்பட்டது. குப்பைக்குப் போன ஊசி கடைக்குத் திரும்பி வந்த கொடுமையை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பின்னும் பேசுவோம்.

உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில் பாங்கர்மாவ் என்னும் ஊர். அங்கு 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 30-க்கு மேற்பட்டோர்க்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. முறையான படிப்பில்லாத ஒருவர் வீடு தேடி வந்து, மலிவான கட்டணத்தில், ஒரே ஊசியைப் பலர்க்கும் போட்டார் என்று சுகாதார அதிகாரிகள் கூறினர். மலிவு என்பதுதான் அவ்வேழைகளை அவரிடம் ஈர்த்தது. சில ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள், வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டிய நிலைக்கு வந்தனர்.

அடுத்த ஆண்டு, 2019-இல், பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் ரத்தோடெரோ என்னும் சிற்றூரிலும் இதுவே நடந்தது. சில மாதங்களுக்குள் 800-க்கு மேற்பட்டோர்க்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் சிறுவர்கள்! காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஊசி போட்டுக்கொள்ளத் தாய் இடுப்பில் தூக்கிச் சென்ற குழந்தைகள். அவர்கள் செய்த குற்றம் யாது?

2000-ஆம் ஆண்டில் மட்டும் பாதுகாப்பற்ற ஊசிகளால் உலகில் 2 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஹெபடைட்டிஸ் பி-யும், 20 இலட்சம் பேர்க்கு ஹெபடைட்டிஸ் சி-யும், 2,60,000 பேர்க்கு எச்.ஐ.வி.யும் புதிதாகத் தொற்றின என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நம் நாட்டில் 2002 முதல் 2004 வரை நடந்த பேராய்வொன்று, போடப்பட்ட ஊசிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பாதுகாப்பற்றவை என்று கண்டது. அதன் பின்னர் நிலை வெகுவாகத் திருந்தியிருக்கிறது. 2005 முதல் நம் தடுப்பூசித் திட்டத்தில் ஒரு முறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் வந்தன. அதன் உலக்கையை மறுபடி இழுக்க வராது. மனிதனின் மறதியையும் பேராசையையும் கருவியே தடுத்துவிடுகிறது. எனவே குழந்தைக்குத் தடுப்பூசி போட எவரும் அஞ்ச வேண்டியதில்லை. நாம் இங்குச் சொல்வதைக் கேட்டுத் தடுப்பூசியைத் தவிர்ப்பவர், நாம் சொன்னதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர் ஆவர்.

நம் கேரளத்தில்

இவையெல்லாம் தொலைவான ஊர்களின் செய்தி என்று ஆறுதல் கொள்ள வேண்டா. 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஊசி வழியே போதை மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பத்துப் பேர்க்கு எச்.ஐ.வி. இருப்பது சுகாதாரத் துறையின் சோதனையில் தெரிந்தது. ஒரே ஊசியை அவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் பிழைப்புக்காக வேற்று மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளரும் இருந்தனர். நாமும் பிழைப்புக்காக வந்தவர்களின் மக்களே அல்லவா? அச்செய்தி நம் நெஞ்சைத் தொட வேண்டும்.

இவ்விடத்தில் பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை போதைக்கு ஆட்பட்டிருக்கிறான் என்று தெரிந்தால், குடும்ப மானத்தை எண்ணி மூடி மறைப்பதே பலர் செய்யும் முதற்செயல். மூடிய கதவுக்குப் பின்னால்தான் ஊசி கைமாறுகிறது. போதையிலிருந்து மீள்வதற்கு மாதங்கள் ஆகலாம்; ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அவன் உயிரோடும் நோயின்றியும் இருக்க வேண்டும். இந்தக் கருத்தில்தான், பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதிய ஊசி தரும் திட்டங்களை அரசே நடத்துகிறது. ஊசிக்குப் பதிலாக நாவின் கீழ் வைக்கும் மாத்திரை தரும் மையங்களும் உண்டு. மணிப்பூரில் 1990-களில் எச்.ஐ.வி. பெரு நெருப்பாய்ப் பரவியபோது இவ்வழியின் தேவை உணரப்பட்டது. அரசே போதைக்கு ஊசி கொடுப்பதா என்று கேட்பவர் உண்டு. அவர்களுடைய சினம் நமக்குப் புரிகிறது. ஆயினும் கிணற்றில் விழுந்தவனுக்கு முதலில் கயிறு போட வேண்டும். ஏன் விழுந்தாய் என்று கேட்பது அவன் கரையேறிய பிறகுதான்.

நம் மாநில அரசு மருத்துவமனைகளில் ஜோதிஸ் என்னும் மையங்கள் இருக்கின்றன. அங்கு எச்.ஐ.வி. சோதனை இலவசம், செய்தி வெளியே போகாது. 1097 என்னும் எண்ணில் தொலைபேசி வழியாகவும் ஆலோசனை கேட்கலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில்தான். கண்டறிந்தவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா என்னும் பெண்மணிகள் இருவர். ஊரார் பேசவே கூசிய காலத்தில் அவ்விருவரும் கூசவில்லை. நாமும் கூச வேண்டியதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் ஊசி

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நீரிழிவு இல்லாத வீடு நம்மிடையே அரிது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாய்மார்கள் பலர், "என் உடம்புக்கு நானே போடுகிற ஊசிதானே? நாலு நாளைக்கு வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும்.

தமக்குத் தாமே மறுபடி போட்டுக்கொள்ளும் ஊசியால் அடுத்தவர் நோய் வருவதில்லை. அந்த அளவில் இது முன் சொன்ன கொடுமைகளோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆயினும் தீங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. இன்சுலின் ஊசி மயிரினும் சற்றே தடித்தது. ஒரு முறை தோலைத் துளைத்ததுமே அதன் முனை மழுங்கத் தொடங்கும். வழவழப்புக்காகப் பூசிய சிலிக்கோன் பூச்சும் தேயும். வலி மிகும், இரத்தம் கசியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி திரளும். அந்தக் கட்டியில் போடும் இன்சுலின் ஒரு நாள் மிகுதியாகவும் ஒரு நாள் குறைவாகவும் இரத்தத்தில் சேரும். சாப்பாட்டில் குற்றமில்லை, மருந்திலும் குற்றமில்லை, சர்க்கரை மட்டும் ஏறி இறங்குகிறது என்று வருந்துவோர், தம் வயிற்றையும் தொடையையும் விரலால் தடவிப் பார்க்கட்டும்.

ஆகவே ஒரு முறைக்கு ஓர் ஊசி என்பதே மருத்துவ நெறி. பணமில்லாத காரணத்தால் அதைக் கடைப்பிடிக்க இயலாதவர் உண்டு என்பதையும் நாம் அறிவோம். அத்தகையோர் தம் நிலையை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, எத்தனை முறை என்பதை அவரிடமே கேட்டு நடக்க வேண்டும். ஊசியை ஸ்பிரிட்டில் துடைக்கக் கூடாது, பூச்சு போய்விடும். பேனாவில் ஊசியைச் செருகியபடியே வைக்கக் கூடாது. காற்றுப் புகும், மருந்து கசியும், அளவு தவறும். வலித்தாலும் வளைந்தாலும் அந்த ஊசியை அப்போதே விலக்கிவிட வேண்டும்.

எந்த ஏழைமைக்கும் இளகாத விதி ஒன்று உண்டு. ஒருவர் ஊசி மற்றவர்க்கு ஆகாது. கணவனுக்கும் மனைவிக்கும் நீரிழிவு என்றால், இருவர்க்கும் ஒரே இன்சுலின் பேனா போதுமே, ஊசியை மட்டும் மாற்றிக்கொள்வோம் என்று எண்ணுகிறார்கள். அதுவும் தவறு. குத்தி எடுக்கும்போது இம்மி அளவு இரத்தம் பின்னோக்கிப் பேனாவிலுள்ள மருந்துக் குழலுக்குள் ஏறக்கூடும். புதிய ஊசி அந்த இரத்தத்தைத் தடுக்காது. தாலி கட்டிய உறவானாலும் பேனா வேறு வேறாகவே இருக்க வேண்டும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் சிறு முள்ளுக்கும் இதே விதிதான்.

கேட்கும் துணிவு

மருத்துவரிடம் சென்றால் ஊசி போட்டால்தான் நோய் போகும் என்னும் எண்ணம் நம்மவர்க்கு மிகுதி. மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவரை விட்டு, ஊசி போடுபவரைத் தேடிப் போகிறோம். பெரும்பாலான காய்ச்சலுக்கும் சளிக்கும் உடல்வலிக்கும் வாய்வழி மருந்தே போதும். தேவையற்ற ஊசியைத் தவிர்ப்பதே முதற்காப்பு.

தேவையான ஊசி என்றால், நம் கண்முன் உறையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டா. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார். சிரிஞ்சைப் புதிதாக எடுக்காமல் ஊசியை மட்டும் மாற்றுவதும் போதாது. பலர்க்குப் போடும் மருந்துப் புட்டிக்குள் பயன்படுத்திய ஊசியை மறுபடி நுழைப்பதும் கூடாது. பழைய நூல்கள் யானைக்கால் நோயைக் கொச்சிக் கால் என்றே அழைத்தன. அந்நோயைக் கண்டறிய இரவு நேரத்தில் விரல் நுனியில் இரத்தம் எடுப்பதுண்டு. எடுப்பவர் நம் நன்மைக்கே வருகிறார். கையை நீட்டுங்கள், புதிய முள்தானா என்று ஒரு சொல்லும் கேளுங்கள்.

காதணி விழா நம் இல்லங்களில் பெருவிழா. ஒரே நாளில் பங்காளி வீட்டுக் குழந்தைகள் நால்வர் ஐவர்க்குக் காது குத்துவதுண்டு. தாய்மாமன் மடியில் எந்தக் குழந்தை அமர்ந்தாலும், குத்தும் ஊசியோ கம்பியோ அந்தக் குழந்தைக்கென்றே தனியாக, கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த குழந்தைக்குக் குத்துவது பழக்கமாயினும் விட்டொழிக்கத்தக்க பழக்கம். திருவிழாக் கடைகளில் பச்சை குத்திக்கொள்ளும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வோம். ஊசி மட்டுமன்று, மை தோய்க்கும் கிண்ணமும் ஒவ்வொருவர்க்கும் புதிதாக வேண்டும்.

எறிந்த ஊசி எங்கே போகிறது?

ஒரு முறையோடு ஊசியை விட்டோம். கடமை முடிந்ததா? இல்லை. குப்பைக் கூடையில் போட்ட ஊசி, அதை அள்ள வரும் ஹரித கர்ம சேனைச் சகோதரியின் கையில் குத்தும். பழைய படுக்கை விரிப்பில் சிக்கிய ஊசி, சலவைத் துறையில் நம் உறவினர் ஒருவரின் உள்ளங்கையில் ஏறும். வாய்க்காலில் எறிந்தால் அதில் இறங்குபவன் காலைப் பதம் பார்க்கும். மொடாசாவில் நடந்தது போல, பொறுக்கியவன் கைவழியே மீண்டும் ஒரு நோயாளியிடமும் போய்ச் சேரலாம். நாம் ஒரு முறை பயன்படுத்தியதை வேறொருவர் மறுமுறை பயன்படுத்தாதபடி காப்பதும் நம் பொறுப்பே.

செய்ய வேண்டுவது எளிது. தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள். இறுக மூடியுள்ளதாக இருக்கட்டும். ஊசியைப் பயன்படுத்தியதும் நேரே அதனுள் போடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி ஒட்டி, மேலே 'ஊசி' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். பிற குப்பையோடு கலக்காமல், உங்கள் மருத்துவமனையிலோ, நகராட்சி வழியே மருத்துவக் கழிவு பெறுவோரிடமோ சேர்ப்பியுங்கள். வீடுகளில் சேரும் ஊசியைத் தனியே பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் கழிவு விதிகளே வகுத்தன.

தப்பித் தவறி எவரையேனும் பழைய ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது? ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று; 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உண்ண வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. குழந்தைகளுக்கு அது அரசுத் திட்டத்திலேயே அடங்கும், பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோர்க்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வார மாத்திரையில் அது குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பல ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிச் சிரிஞ்சில் ஊசி போட்டுக்கொண்ட மூத்தோர், ஒரு முறை இரத்தம் சோதித்துக்கொள்வது நலம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! சங்கம் என்பது ஆண்டுக்கொரு முறை கூடிப் பாடிக் கலைவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. எனவே மூன்று வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, நம் சங்க அலுவலகத்தின் ஒரு மூலையில் ஊசி போடும் பெட்டி ஒன்றை வைத்து, நிறைந்ததும் உரிய இடத்தில் சேர்க்கும் பணியை இளைஞர் அணி ஏற்கட்டும். இரண்டாவது, சங்கத்தின் காதணி விழாக்களில் குழந்தைக்கு ஓர் ஊசி என்பதை எழுதாச் சட்டமாக்குவோம். மூன்றாவது, இன்சுலின் ஊசி வாங்க இயலாத முதியோர்க்கு மாதந்தோறும் ஊசி வாங்கித் தரச் சிறு நிதி ஒன்று தொடங்குவோம். ஊசி ஒன்றின் விலை சில ரூபாய்தான். அந்தச் சில ரூபாய் இல்லாமையால் நம் தாய்மார் ஒருவர் மழுங்கிய ஊசியால் தம்மைக் குத்திக்கொள்கிறார் என்றால், அது அவருடைய வறுமை மட்டுமன்று. நம் அனைவருடைய குறையும் ஆகும்.

சோற்றில் சிக்கனம் காட்டலாம், துணியில் காட்டலாம், கல்யாணப் பந்தலிலும் காட்டலாம். அங்கெல்லாம் மிச்சப்படுத்துவதில் ஒரு பகுதியை ஊசிக்குச் செலவிடுவோம். ஓர் உடலுக்கு ஓர் ஊசி, அதுவும் ஒரே முறை. இந்த ஒரு தொடரை வீட்டுக்குக் கொண்டு சென்று, விழாவுக்கு வர இயலாத அண்டை வீட்டாரிடமும் சொல்லுங்கள். அவர்கள் எம்மொழி பேசினாலும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!